மணிக்கட்டில் ஒரு கோடு

பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் தமிழ்ச் சங்கத்திலிருந்து கேட்டபோது, சமையல் குறிப்புதான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "உங்க ஆஸ்பத்திரி அனுபவத்த எழுதுங்க ஆன்ட்டி, நாலு பேருக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றது கேட்க வந்த பெண். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிழை இல்லாமல் எழுத வருமா என்று ஒரு கவலை. எழுதினால் யார் மனதாவது புண்படுமோ என்று இன்னொரு கவலை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்கிற ஆள் என்பதால் என் கவலைகளை எழுதவே தனி மலர் வேண்டியிருக்கும். அதனால் அவற்றை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். என் கைகளையும் தெரியும்.

அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் முழங்கையில் காசு அளவுக்கு ஒரு சிவப்பு. அதன்மேல் வெள்ளையாகச் செதில். பனிக்குத் தோல் வறண்டிருக்கிறது என்று தேங்காயெண்ணெய் தடவினேன். அது முழங்காலுக்குப் போனது, தலைக்குப் போனது, கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் வந்தது. விரல் மடிக்கிற இடமெல்லாம் வெடிப்பு. மிளகாய் கிள்ளினால் உயிர் போகும். ஊருக்குப் போய்வந்த ஒருவர் மூலம் ஒரு மாத்திரை வரவழைத்துச் சாப்பிட்டேன். நான்கே நாளில் உடம்பு கண்ணாடி மாதிரி ஆனது. சில வாரம் போனதும் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. பயந்துபோய் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அப்படித் திடீரென்று நிறுத்தக்கூடாதாம். அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. நிறுத்திய அடுத்த வாரம் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை தோல் முழுவதும் சிவந்து, உரிந்து, ஜூலை மாதத்து வெயிலில் போர்வைக்குள் நடுங்கினேன். சன்னிவேல் டாக்டர் பார்த்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார். என் வீட்டுக்காரர் என் அத்தை மகன்தான். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனியில் வேலை. ஃப்ரீவேயில் வேகமாக ஓட்டினார். நானோ கார் சீட்டில் உதிர்ந்த செதிலைப் புடவைத் தலைப்பால் கூட்டிக்கொண்டே போனேன்.

அங்கே படுக்கையில் இருந்த நாட்களில் எனக்கு வலியைவிட அந்தச் செதில்தான் பெரிய துன்பம். முதுகுப்பக்கம் திறந்த அங்கியைப் போட்டு, ஈரத்துணியால் உடம்பைச் சுற்றி, அதன்மேல் காய்ந்த துணியைச் சுற்றுவார்கள். தோல் வழியாக உடம்பின் சூடும் நீரும் போய்விடாமல் இருக்க அப்படி. துணியைப் பிரித்தால் விரிப்பு முழுக்கச் செதில். நர்ஸ் வரும் காலடி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, கையால் எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளி, தலையணையால் மூடிவைப்பேன். ஒருநாள் நர்ஸ் தலையணையை எடுத்துப் பார்த்தாள். விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நோயின் பெயர் சொரியாசிஸ். அங்கே சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் எல்லாருக்கும் தோல் அடியில் வளர்ந்து மேலே வந்து, நமக்குத் தெரியாமலே உதிர்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அது சில நாளிலேயே ஓடிவந்துவிடும். முற்றாத தோல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகிறது. கிருமி இல்லை, அழுக்கு இல்லை, தொட்டால் ஒட்டாது. 'நாட் கன்டேஜியஸ்' என்பதுதான் நான் மனப்பாடமாகக் கற்ற முதல் ஆங்கிலம். சொல்ல வேண்டிய இடத்தில் ஒருநாளும் அது வாயில் வரவில்லை.

படிக்கிற டாக்டர்கள் கூட்டமாக வந்து பார்ப்பார்கள். பார்க்கலாமா என்று என்னைக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் 'ஷ்யூர், ஷ்யூர்' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். விளக்கைப் போட்டு முதுகைப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஊரில், கோபிசெட்டிபாளையத்தில், எங்கள் தெருவில் இருக்கும் வீடுகளை வரிசையாக எண்ணுவேன். அவர் பாவம், ஆபீஸ் முடிந்ததும் அவ்வளவு தூரம் வந்து, தெர்மாஸில் தயிர்சோறு கரைத்துக் கொண்டுவந்து, விரல் மடியாத எனக்கு ஸ்பூனால் ஊட்டுவார். இன்சூரன்ஸ் கவர் வந்தால் என் எதிரில் பிரிக்காமல் காரில் வைத்துப் பிரிப்பார். அது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

உடம்பு ஒருவழியாகத் தணிந்தது. ஆனால் கையும் காலும் முதுகும் பழையபடி செதிலோடுதான் இருந்தன. வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் தோல் டாக்டர் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். விட்டமின் டி வகையிலிருந்து செய்த ஒரு களிம்பு, இன்னும் கடைக்கு வராதது. அதைச் சோதித்துப் பார்க்க நோயாளிகள் வேண்டும். ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார்.

"ஒடம்போட ஒரு பக்கத்துக்கு மருந்து. இன்னொரு பக்கத்துக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். எது எதுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா, மருந்து போட்ட பக்கம் நல்லாருக்கற மாதிரியே அவரு கண்ணுக்குத் தெரியுமாம். அதுக்குத்தான்."

எனக்கு அது பிடித்தது. டாக்டர் தன் கண்ணையே நம்பவில்லை என்றால் நம்மைப்போல் பயந்த ஆள்தான். இடது பக்கத்துக்குப் பச்சை ஒட்டிய டியூப், வலது பக்கத்துக்கு மஞ்சள் ஒட்டியது. வேறு எந்த எண்ணெயும் மருந்தும் தொடக்கூடாது. சிறிது நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள், தோலைப் படம் எடுப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் கார்மென் என்ற நர்ஸ். குள்ளமாக, பெரிய வளையம் மாட்டிக்கொண்டு, என் பெயரைச் 'சான்டா மானி' என்று இரண்டு பெயராக்கிக் கூப்பிடுவாள்.

அந்த நேரத்தில்தான் என் அத்தை, அதாவது என் மாமியார், ஊரிலிருந்து வந்துசேர்ந்தார். முதல் விமானப் பயணம். பெட்டியில் புடவைக்குள் சுற்றி, தோலுக்குப் போடுகிற வெப்பாலைத் தைலம் கொண்டுவந்திருந்தார். "அதத் தொடவே கூடாதுங்கறாங்கம்மா" என்று மகன் சொன்னதும், மறுபேச்சுப் பேசாமல் அந்தச் சீசாவைக் கடலையெண்ணெய்க்குப் பின்னால் வைத்துவிட்டார். முதுகு எனக்கு எட்டாது, விரலும் மடியாது. அதனால் காலையும் மாலையும் எனக்குக் களிம்பு போடும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்கு ஒரு கையுறை, அடுத்த பக்கத்துக்கு வேறு கையுறை. கார்மென் சொல்லிக்கொடுத்ததை அத்தையிடம் நான் சொன்னேன். படிக்கத் தெரியாவிட்டாலும் பச்சையும் மஞ்சளும் தெரியுமே.

சில வாரத்தில் இடது பக்கம் மாறத் தொடங்கியது. செதில் மெலிந்தது. இடது உள்ளங்கையில் வெடிப்பு மூடியது. வலது பக்கம் அப்படியே இருந்தது. எந்தப் பக்கம் மருந்து என்று எங்கள் மூன்று பேருக்கும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறையில் ரே என்று ஒருவர் வருவார். சிட்டி பஸ் ஓட்டுகிறவர். அவருக்கும் இதே நோய், இதே ஆராய்ச்சி. அவருக்கு வலது கை தேறிக்கொண்டிருந்தது, இடது கை மோசம். பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். 'திஸ் ஒன் குட், திஸ் ஒன் நோ குட்.' எனக்கே சிரிப்பு வரும். என் வீட்டுக்காரர் ஒருமுறை அவரிடம் விளையாட்டாக, நல்ல டியூப்பையே இரண்டு கைக்கும் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லையா என்று கேட்டார். தினமும் தோன்றுகிறது, ஆனால் அப்புறம் யாருக்கும் ஒன்றுமே தெரியாமல் போய்விடுமே என்றாராம். அவர் கையிலிருந்து சீட்டு வாங்கும்போது சிலர் நுனியைப் பிடித்து இழுப்பார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு வராது.

பிறகு பொங்கல் வந்தது. குபெர்டினோவில் பள்ளிக்கூட ஹாலில் நம் சங்கத்துப் பொங்கல். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். நான் அரிசிம்பருப்புச் சோறு செய்தேன். எங்கள் பக்கத்துச் சோறு. சின்ன வெங்காயம் கிடைக்காமல் பெரிய வெங்காயம் போட்டாலும், நெய்யும் வரமிளகாயும் சேர்ந்து காரெல்லாம் மணந்தது. ரப்பர் கையுறை போட்டுத்தான் சமைத்தேன். அது யாருக்குத் தெரியும்? கையுறையோடு பரிமாறினால் இன்னும் பார்ப்பார்களே என்று வெறுங்கையோடு நின்றேன். அங்கே வரிசையில் வந்தவர்களை நான் இங்கே பெயர் சொல்லப்போவதில்லை.

"அய்யோ, ஆல்ரெடி ப்ளேட் ஃபுல் ஆன்ட்டி."

"நாங்க ரைஸ் குறைச்சிருக்கோங்க."

"திரும்பி வர்றப்ப எடுத்துக்கறேன், என்ன?"

எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். யாரும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. நானும் சிரித்தேன். கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. தேறிய கை இடது கை. அதால் எப்படிச் சோறு போடுவது? வலது கையால் பிடித்தால் வெடிப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது. கடைசியில் கரண்டியைச் சோற்றின் ஓரத்தில் குத்திவைத்துவிட்டு, கைகளைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டேன். கூட்டம் முடிந்தபோது, மேலே அழுத்திவிட்ட நெய்க்குழிகூடக் கலையாமல் சோறு அப்படியே இருந்தது. அத்தை ஒரு காகிதத் தட்டை எடுத்தார், குவித்துப் போட்டுக்கொண்டார், ஹாலின் நடுவில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

காரில், "ஃப்ரீசர்ல வெச்சு சாப்டுக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு என் வலது உள்ளங்கை ஆறத் தொடங்கியது.

முதலில் மருந்து உடம்புக்குள் பரவுகிறது போல என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. களிம்பு போடும்போது நான் டிவி பார்ப்பேன். அத்தை முன்பு எனக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர், இப்போது எதிரில் உட்கார்ந்து கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எந்த டியூப் எந்தக் கைக்கு என்று நான் குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிற எனக்கு, கண்ணெதிரில் இருந்த டியூப்பைப் பார்க்கத் தோன்றவில்லை என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஒருநாள் பள்ளியிலிருந்து நடந்துவரும்போது என் மகள் தானாக என் வலது கையைப் பிடித்தாள். ஏழு வயதுக்காரி. கொஞ்ச நாளாக அவள் என்னைப் பள்ளி வாசலுக்கு வரவேண்டாம், மரத்தடியிலேயே நில் என்று சொல்லியிருந்தாள். "அம்மா, இட்ஸ் ஸாஃப்ட்" என்றாள். வீடு வரைக்கும் விடவில்லை. அன்று சாயங்காலமும் நான் டியூப்பைக் குனிந்து பார்க்கவில்லை. இடது கையில் வெடிப்பு திரும்பியிருந்தது. அதையும் பார்க்காமல் இருந்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் கார்மென் நீலத்துணி விரித்து, என் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துப் படம் எடுக்க வந்தாள். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவள் இறக்கிவிட்டாள். என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். உள்ளங்கையும் விரலும் வழவழவென்று இருந்தன. மணிக்கட்டில் வளையல் போடும் இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்று, அதற்குமேல் முழங்கைவரை பழைய செதில். தேறிய கையை உறை மாதிரி மாட்டிக்கொண்டது போல இருந்தது. இடது பக்கம் அப்படியே தலைகீழ். மேலே சுத்தம், மணிக்கட்டுக்குக் கீழே மோசம்.

கார்மென் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். 'மிக்ஸ்' என்ற சொல் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பியே பார்க்காமல், "நோ, நோ. ஷீ இஸ் வெரி கேர்ஃபுல்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல். அது ஆமாமா இல்லையா என்று கார்மெனுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, எந்தக் கைக்கு எந்த டியூப்பு போடறீங்க?"

அத்தை மறைக்கவே இல்லை. "ஏன், நல்ல மருந்தச் சோத்துக்கைக்குப் போட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க? பச்சை எடதுக்குன்னு சொன்னமில்ல?"

"அதென்னடா நாயம்? சோறு போடற கையி, குங்குமம் குடுக்கற கையி, அது வெடிச்சுக் கெடக்குது. கழுவற கைக்கு நல்ல மருந்தா? அந்த டாக்டருக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாது. அவிய ரெண்டு கையிலயும் திங்கற ஆளுக. நமக்குத் தெரியுமல்ல? அதான் கையி ரெண்டுக்கு மட்டும் மாத்திப்போட்டேன். முதுகு, காலு எல்லாம் சொன்னபடிதான். தைலத்தத் தொட்டனா? கேளு, உம் பொண்டாட்டியக் கேளு."

அவருக்குக் கோபத்தில் தமிழே வரவில்லை. "திஸ் இஸ் ரிசர்ச்ம்மா! சயின்ஸ்!" என்றார். பிறகு என்னிடம், "நீ பாத்துட்டுத்தான் இருந்தியா?" என்றார்.

"இல்லீங்க மாமா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் யோசித்து முடிவு சொன்னார். இனிமேல் ஒழுங்காகப் போடுவோம், அவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். "சொன்னா ஸ்டடில இருந்து எடுத்துருவாங்க. கடையில கெடைக்காத மருந்து. ஒடம்பெல்லாம் பழையபடி ஆயிரும், அந்த ஆஸ்பத்திரி பெட்டுக்கே போகணுமா? அதுவும் போக, நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? எட்டு வருசமா இந்த ஊர்ல இருக்கேன். நாந்தானே எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெயின் பண்ணேன்?"

அவர் சொன்னதில் எல்லாமே எனக்கும் இருந்த பயம்தான். விரிப்பும் செதிலும் நினைவுக்கு வந்தன. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் வந்தது. ஆனால் ரே தன் மோசமான கையைத் தூக்கிக் காட்டுவதும் கூடவே வந்தது. அந்தக் கைக்கு நல்ல டியூப் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் பஸ் ஓட்டுகிறார். என் கையையும் அவர் கையையும் சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்து, நாளைக்கு முன்பின் தெரியாத யாருக்கோ இந்த மருந்து வேலை செய்யும், செய்யாது என்று சொல்லப்போகிறார்கள். என் கை அதில் பொய் சொல்லும். பொய் சொன்ன கையால் பொங்கல் சோறு போட்டால் மட்டும் சுத்தமா?

அடுத்த முறை போகவேண்டிய நாளில் என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் ஏதோ புதுச் சில்லு ரிலீஸ், வர முடியவில்லை. வேண்டுமென்றே அப்படியா என்று நான் கேட்கவில்லை. நானும் அத்தையும் ரயிலில் போனோம். புடவைக்குக் கீழே மகனுடைய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரயில் பாலோ ஆல்டோ தாண்டும்போது சொன்னேன்.

"அத்தை, நான் இன்னைக்கு அவங்ககிட்டச் சொல்லப்போறேனுங்க."

"சொல்லு கண்ணு. நாந்தான் பண்ணேன்னு சொல்லு. என்னைய என்ன, ஜெயில்லயா போடுவாங்க? போட்டா விசா முடியறவரைக்கும் அங்கயே சோறு போடட்டும்."

"உங்கள மட்டுமில்லீங்க. எனக்கும் தெரியுமுங்க."

"தெரியும்னு எனக்கும் தெரியுஞ்சாமி" என்றார் அத்தை, வெளியே பார்த்துக்கொண்டே. "நீ தலையத் திருப்பித் திருப்பி டிவியப் பாத்தியே. ஓடுனது வெளம்பரம்."

மொழிபெயர்க்க ஆளை வரவழைக்கட்டுமா என்று கார்மென் போனைக் காட்டிக் கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்னொரு தமிழருக்குத் தெரிய வேண்டாம் என்று. ரயிலில் மனதுக்குள் ஓட்டிப்பார்த்த ஆங்கிலம் எல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பச்சை டியூப்பை எடுத்தேன். இடது கையைக் காட்டி 'நோ' என்றேன். வலது கையைக் காட்டி 'யெஸ்' என்றேன். மஞ்சளுக்கும் அதேபோல் மாற்றிக் காட்டினேன்.

கார்மென் புருவத்தைச் சுருக்கினாள். "வொய்?"

எப்படிச் சொல்வது? இந்தக் கை சாப்பிட என்று வாயருகே கொண்டுபோய்க் காட்டினேன். அந்தக் கை எதற்கு என்று காட்ட எனக்குக் கூசியது. நான் நின்றுவிட்டதைப் பார்த்து அத்தை எழுந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பின்னால் கழுவுவதைப் போலச் செய்து காட்டினார். கார்மெனுக்கு உடனே புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. எனக்குக் காதுவரை சுட்டது.

"நாந்தாம்மா பண்ணேன். இவள ஒண்ணுஞ் சொல்லாதீங்க. மீ, மீ" என்று அத்தை மார்பில் தட்டிக்கொண்டார்.

கார்மென் என்னைக் கேட்டாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "யூ? யூ நோ?"

அத்தையைப் பார்த்துவிட்டு, "யெஸ்" என்றேன். "ஐ நோ. ஐ நோ லுக்." எனக்குத் தெரியும், பார்க்காமல் இருந்தேன் என்பதை அப்படித்தான் சொல்லத் தெரிந்தது. புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அதன்பிறகு அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் வந்தார். கோபப்படவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். நடந்ததை உள்ளபடி எழுதிவைப்பார்களாம். ஆனால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்கிற கணக்கில் என் கைகள் சேராதாம். டியூப்புகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு மருந்து எழுதித் தருவார், அவரே தொடர்ந்து பார்ப்பார். இதைப் பல தடவை சொன்னார், எனக்குப் புரியும்வரை.

அத்தைக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "கேளு கண்ணு. அந்தப் பச்சதான நல்ல மருந்து?"

கேட்டேன். டாக்டர் தோளைத் தூக்கி, எனக்குத் தெரியாது என்றார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன நாளாச்சு, இன்னுமா இந்த மனுசனுக்குத் தெரியல? எனக்கு ரெண்டே வாரத்துல தெரிஞ்சுபோச்சே!"

நல்லவேளை, அதை மொழிபெயர்க்கும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இல்லை.

பையிலிருந்து எல்லா டியூப்பையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பச்சையில் ஒன்று பாதிக்குமேல் இருந்தது. கார்மென் அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினாள். ஒட்டிவிட்டு என் வலது கையைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். கையுறை இல்லாமல்.

வெளியே காத்திருக்கும் அறையில் ரே உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினார். வலது கை இப்போது முழுக்கத் தேறியிருந்தது. இடது கையில் விரல் மடிப்பெல்லாம் ரத்தக் கோடு. 'திஸ் ஒன் குட், திஸ் ஒன் நோ குட்.' நான் பதிலுக்குக் காட்டுவேன் என்று அப்படியே தூக்கிப் பிடித்திருந்தார்.

என் கைகள் ஸ்வெட்டருக்குள் போய்விட்டன. நானாக இழுத்துக்கொண்டதாக நினைவில்லை. பொங்கல் ஹாலில் தலைப்புக்குள் போனதே, அதுபோல. ஆனால் அன்றைக்கு வெடித்த கையை மறைத்தேன், இன்றைக்கு ஆறிய கையை மறைத்தேன். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. யாரோ பெரிய மனிதர் மரியாதை செய்கிறார் என்று நினைத்து, தானும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ரே குலுங்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் வலது கை பழையபடி ஆனது. மகள் மறுபடியும் என்னை மரத்தடியில் நிற்கச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கைக்குப் பதிலாகப் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் கொடுத்த வேறு மருந்தில் மெதுவாகத்தான் குறைந்தது. நான் ஆஸ்பத்திரியில் சொன்ன விஷயம் தெரிந்தபிறகு என் வீட்டுக்காரர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவரே என் முதுகுக்குக் களிம்பு போட உட்கார்ந்தார். அத்தை விசா முடிந்து ஊருக்குப் போகும்போது தைலச் சீசாவை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது இன்னும் கடலையெண்ணெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது, மூடி திறக்காமல்.

இப்போது அந்த மாதிரிக் களிம்பு டாக்டர் சீட்டோடு கடையிலேயே கிடைக்கிறது. அது அன்றைய பச்சை டியூப்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். அது கடைக்கு வந்ததில் ரேவின் மோசமான இடது கைக்குப் பங்கு இருக்கலாம். என் கைகளுக்கு இல்லை. உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்து, மறைத்துவைத்திருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால் நன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டு, மனமிருந்தால் போங்கள். போனால் சொன்னபடி செய்யுங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். எனக்கு ஆங்கிலம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு இல்லாதது ஆங்கிலம் அல்ல, வாயைத் திறக்கிற துணிச்சல்.

இந்தப் பொங்கலுக்கும் அரிசிம்பருப்புச் சோறுதான் கொண்டுவருகிறேன். கை இப்போது பரவாயில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். எந்நேரமும் எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

காலையில் குளித்துவந்ததும் களிம்பை நானேதான் போட்டுக்கொள்கிறேன். விரல் மடிகிறது. டியூப்பை அழுத்தி, முதலில் இடது கைக்குப் போடுகிறேன். அது வாங்கிக்கொண்ட பிறகுதான் சோத்துக்கைக்கு.